மலைப்பாதை குலுங்கினால் மூளைச் செல் வழி தவறுமா?

கோத்தகிரியிலிருந்து ஒருவர் கேட்டிருந்த கேள்வி, சுருக்கமாக: "என் அண்ணன் மகளுக்கு 16 வயது. போன மாதம் பள்ளியில் வலிப்பு வந்து விழுந்துவிட்டாள். கோவையில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். மூளைக்குள் இருக்கும் அறைகளின் ஓரமாகச் சாம்பல் திசு கட்டி கட்டியாக ஒட்டியிருக்கிறது, கருவில் நரம்புச் செல்கள் நகர்ந்தபோது ஏற்பட்ட குறை என்றார்கள். பிள்ளை படிப்பில் கெட்டிக்காரி. அண்ணி மாசமாக இருந்தபோது ஆறாம் மாதம் வரை தினமும் மேட்டுப்பாளையத்துக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கித்தான் செல்கள் இடம் மாறிவிட்டன என்று அம்மா சொல்கிறார். அண்ணி அழுதுகொண்டே இருக்கிறார். மூளைச் செல்கள் நிஜமாகவே நகருமா? யார் நகர்த்துகிறார்கள்? பஸ்ஸால் இப்படி ஆகுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆகாது. இதை இன்றைக்கே அண்ணியிடம் சொல்லிவிடுங்கள், மீதியைப் பிறகு படிக்கலாம்.

நான் மருத்துவன் இல்லை. சுண்டெலிக் கருவின் மூளையை மெல்லிய சீவல்களாக நறுக்கி, உயிரோடு வைத்து, செல்கள் ஊர்வதை நுண்ணோக்கியில் படம் பிடிப்பதுதான் பல வருடங்கள் என் வேலை. ஓய்வுக்குப் பிறகு குன்னூரில் இருக்கிறேன். ஆகவே செல்லைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். மாத்திரையைப் பற்றி உங்கள் நரம்பியல் மருத்துவர் சொல்வதே சரி.

உங்கள் அம்மாவின் சந்தேகத்தை ஒரேயடியாகத் தள்ளவும் மனமில்லை. காலக் கணக்கு அவர் சொல்வதோடு ஒத்துப்போகிறது. மனிதக் கருவில் பெருமூளையின் வெளிப்பட்டையான புறணிக்குரிய நரம்புச் செல்கள் பெரும்பாலும் 8ஆவது வாரத்திலிருந்து 24ஆவது வாரத்துக்குள் நகர்ந்து முடிக்கின்றன. அண்ணி பஸ்ஸில் போய்வந்த காலமும் அதுதான். பிள்ளையின் மூளைக்குள் பயணம் நடந்த அதே மாதங்களில் அண்ணியும் மலைப்பாதையில் பயணம் செய்திருக்கிறார். இரண்டையும் முடிச்சுப் போடத் தோன்றுவது இயல்புதான்.

ஆனால் குலுக்கல் என்பது மூளை முழுவதையும் சேர்த்து அசைப்பது. பனிக்குட நீரில் மிதக்கும் கருவை அது எட்டினாலும், செல்லும் அது பிடித்திருக்கும் இழையும் அக்கம்பக்கத்துச் செல்களும் ஒன்றாகத்தான் அசையும். பஸ் குலுங்கினால் மடியில் இருக்கும் சில்லறை சிதறலாம், போட்டிருக்கும் ஸ்வெட்டரில் ஒரு கண்ணி அடுத்த வரிசைக்குத் தாவாது. நரம்புச் செல் பின்னலில் இருக்கும் கண்ணி மாதிரி. அதன் நகர்வை வெளியிலிருந்து வரும் தள்ளு எதுவும் தீர்மானிப்பதில்லை. செல்லுக்குள் இருக்கும் இயந்திரமும், வழியில் அது சந்திக்கும் ரசாயனக் குறிப்புகளும்தான் தீர்மானிக்கின்றன.

சரி, ஏன் நகர வேண்டும்? பிறந்த இடத்திலேயே இருந்துவிட்டால் என்ன?

ஆரம்பத்தில் மூளை ஒரு மெல்லிய குழாய். அதன் உள்சுவர் ஓரமாகத்தான் செல்கள் பிரிந்து பெருகுகின்றன. ஸ்கேனில் 'அறை' என்று சொன்னார்களே, அந்தக் குழாயின் உள்வெளிதான் பின்னால் அறையாகிறது. ஆனால் புறணிச் செல்லுக்கு வேலை வெளிப்பக்கத்தில். ஒரு செல்லின் உடல் ஏறத்தாழ 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). மனித மூளை வளர வளர, சில செல்கள் தங்கள் உடல் நீளத்தைப்போல ஆயிரம் மடங்குக்கும் அதிகமான தூரத்தைக் கடக்க வேண்டியிருக்கிறது.

இதற்குக் கயிறு ஒன்று கட்டியிருக்கிறது. உள்சுவரிலிருந்து வெளிப்பரப்பு வரை நீளும் மெல்லிய இழைகள் கொண்ட செல்கள், ஆரக் கிளையா என்பார்கள். 1970களின் தொடக்கத்தில் பாஸ்கோ ராகிச், குரங்குக் கருவின் மூளையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, இளம் நரம்புச் செல்கள் இந்த இழைகளை அணைத்தபடி ஏறுவதைக் காட்டினார். இந்த இழைகள் வெறும் சாரம் என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். 2001 வாக்கில் இன்னொன்று உறுதியானது: அந்த ஆரக் கிளையாதான் பிரிந்து நரம்புச் செல்லையும் பெறுகிறது. அதாவது பிள்ளை ஏறுவது தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு.

எப்படி ஏறுகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. நீங்கள் மலை ரயிலில் கல்லாறு முதல் குன்னூர் வரை வந்திருப்பீர்கள். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த தண்டவாளம் ஓடும். எஞ்சினின் பல்சக்கரம் அதில் ஒவ்வொரு பல்லாகக் கவ்வி ஏறும். எஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். முன் பெட்டியில் கொடியோடு நிற்கிற பிரேக்ஸ்மேன்தான் பாதையைப் பார்ப்பார்.

நரம்புச் செல்லிலும் இந்த ஏற்பாடு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. முன்னால் நீளமான ஒரு கை, மோந்து பார்த்தபடி. அதற்குள் நுண்குழல்கள் என்ற புரதக் குழாய்கள், பல் தண்டவாளம் மாதிரி. அவை உட்கருவைச் சுற்றிக் கூண்டு கட்டி, அதற்குச் சற்று முன்னால் இருக்கும் சென்ட்ரோசோம் என்ற மையப் புள்ளியில் போய்ச் சேர்கின்றன. டைனீன் என்ற மோட்டார் புரதம் பல்சக்கரம்போல அந்தக் குழல்களில் அடியெடுத்து வைத்து உட்கருவை முன்னுக்கு இழுக்கிறது. அதே நேரத்தில் பின்பக்கம் மயோசின் என்ற இன்னொரு மோட்டார் புரதம் சுருங்கி, பற்பசைக் குழாயைப் பிதுக்குவதுபோல் தள்ளுகிறது. ஆக முன்னால் இழுப்பு, பின்னால் தள்ளு, இரண்டும் உண்டு. எஞ்சின் விஷயத்தில் என் உவமை பாதிதான் பொருந்துகிறது, பரவாயில்லை.

நகர்வு ஒரே சீராக இருக்காது. கை நீளும், சென்ட்ரோசோம் முன்னால் போகும், உட்கரு சட்டென்று பாயும், அப்புறம் ஓய்வு. பிறகு மறுபடியும் அதே வரிசை. சராசரியாக மணிக்கு 10 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு தலைமுடியின் அகலத்தைக் கடக்க ஏழெட்டு மணி நேரம்கூட வேண்டியிருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டரை மலை ரயில் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாகக் கடக்கிறது, மணிக்குப் பத்து கிலோமீட்டர் வருகிறது. செல்லைவிட நூறு கோடி மடங்கு வேகம்! நாம் அதைப்போய் மெதுவான ரயில் என்கிறோம்.

இந்த இயந்திரத்தில் எந்தப் பாகம் எதற்கு என்பதை நோயாளிகளிடமிருந்துதான் கற்றோம் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. மடிப்புகளே இல்லாமல் வழுவழுவென்ற மூளையோடு பிறக்கும் குழந்தைகள் உண்டு. 17ஆவது குரோமோசோமில் இருக்கும் லிஸ்1 மரபணுவின் ஒரு பிரதி கெட்டாலே போதும் என்று 1993இல் தெரிந்தது. அந்தப் புரதம் டைனீனைப் பிடித்துக்கொள்ளும் துணைக்கை. பாரம் அதிகமானாலும் டைனீன் குழலை விட்டு நழுவாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. பாதி அளவு இருந்தால் பாதி வேகம் என்று கணக்குப் போடலாமே என்று தோன்றும். அப்படி இல்லை. உட்கரு கனமானது, பிடி நழுவினால் பயணம் பல இடங்களில் நின்றேவிடும். 1998இல் டபிள்கார்ட்டின் வந்தது. நுண்குழல்களைத் தாங்கி நிறுத்தும் புரதம், மரபணு எக்ஸ் குரோமோசோமில். ஆண் குழந்தைக்கு அது கெட்டால் வழுவழு மூளை. பெண் குழந்தைக்கு, புறணிக்குக் கீழே நடுவழியில் நின்றுபோன செல்கள் இன்னொரு பட்டையாகப் படிந்து, ஸ்கேனில் இரண்டு புறணிகள் தெரியும்.

பெண்ணுக்கு மட்டும் ஏன் இப்படி என்பது உங்கள் அண்ணன் மகளின் கதைக்கும் தேவைப்படும், கொஞ்சம் நினைவில் வையுங்கள். பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அணைந்திருக்கும். எது என்பது செல்லுக்குச் செல் மாறும். ஆகவே ஒரே மூளையில் நல்ல பிரதியோடு சில செல்கள், கெட்ட பிரதியோடு சில.

நடுவழி என்றதும் நினைவுக்கு வருகிறது. செல்கள் எல்லாம் கிளம்பிய வேகத்தில் நேராக மேலே போய்விடுவதில்லை. உள்சுவரை விட்டுச் சற்றுத் தள்ளி வந்ததும், பர்லியாரில் பஸ் நிற்பதுபோல, ஒரு நிறுத்தம் போடுகின்றன. அங்கே செல் பல பக்கமும் கைகளை நீட்டி, இழுத்து, எந்தப் பக்கம் என்று தெரியாமல் துழாவிக்கொண்டிருக்கும். சீவலில் இதைப் பார்க்கும்போது சலிப்பாக இருக்கும், ஒரு பகல் முழுக்க ஒன்றும் உருப்படியாக நடக்காது. பிறகு ஒரு கையைத் தேர்ந்து, மற்றவற்றைச் சுருட்டிக்கொண்டு, இழையைப் பற்றி ஏறத் தொடங்கும். கட்டுப்பாடு மிக நுணுக்கமாக இருப்பது இந்த இடத்தில்தான் என்பது என் அபிப்பிராயம். லிஸ்1, டபிள்கார்ட்டின், கீழே வரப்போகும் ஃபிலமின் மூன்றுமே இந்த நிறுத்தத்திலிருந்து கிளம்பத் தேவைப்படுகின்றன. டபிள்கார்ட்டின் போன்றவற்றின் மீது பாஸ்பேட்டை ஒட்டிக் கட்டுப்படுத்தும் மேஸ்திரி, சி.டி.கே.5 என்ற நொதி.

மேலே போனதும் எங்கே நிற்பது? ஓடுவதைவிட நிற்பதுதான் பெரிய பாடு.

புறணியில் ஆறு அடுக்குகள். முதலில் பிறந்த செல்கள் அடியில் தங்கும், பின்னால் பிறந்தவை அவற்றைத் தாண்டி மேலே போகும். தேயிலைத் தோட்டத்தில் முதலில் வந்தவர்களுக்குக் கீழ் லைன் வீடு, அடுத்து வந்தவர்கள் அந்த வாசல்களைக் கடந்து மேல் லைனுக்கு நடக்க வேண்டும் என்பதுபோல. 1961இல் ஆஞ்சவின், சிட்மன் என்ற இருவர், டி.என்.ஏ.வில் சேரும் கதிரியக்கத் தைமிடினால் செல்களுக்குப் பிறந்தநாள் அடையாளம் போட்டுச் சுண்டெலியில் இதைக் காட்டினார்கள்.

இந்த வரிசை தலைகீழானால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சுண்டெலி ஏற்கெனவே காத்திருந்தது. எடின்பரோவில் ஃபால்கனர் 1951இல் விவரித்த, தள்ளாடித் தள்ளாடி நடக்கும் வகை. 'ரீலர்' என்றே பெயர். அதன் புறணியில் பின்னால் வந்த செல்கள் முன்னவர்களைத் தாண்ட முடியாமல் கீழேயே குவிந்திருக்கும். கெட்டுப்போன மரபணு 1995இல் கிடைத்தது. அது செய்யும் புரதத்துக்கு ரீலின் என்று பெயர் வைத்தார்கள். புறணியின் மேல் விளிம்பில், கஹால்–ரெட்சியஸ் செல்கள் என்ற ஒரு சிறு கூட்டம் அதைச் சுரந்து வெளியே விடுகிறது.

ரீலின், ஏறிவரும் செல்லின் மேல் தகவல் வாங்கும் இரண்டு ஏற்பிகளில் ஒட்டும். உள்ளே டாப்1 என்ற புரதத்தில் பாஸ்பேட் ஏறும். அதுதான் தகவல். 'நில்' என்ற கட்டளை என்று முதலில் எழுதினார்கள், இப்போது அதை அவ்வளவு எளிதாக யாரும் சொல்வதில்லை. ரீலின் பட்டதும் முன்கையின் நுனி மேற்பரப்பை இறுகப் பற்றிக்கொள்கிறது. அப்புறம் கிளையா இழையை விட்டுவிட்டு, தன் கையைத் தானே சுருக்கி, உடலை ஒரே இழுப்பில் மேலே தூக்கிக்கொள்கிறது. கிணற்று விளிம்பைப் பிடித்து எழும்புவதுபோல. பிறகு நடப்பது இன்னும் அழகு. பாஸ்பேட் ஏறிய டாப்1ஐச் செல்லே அழித்துவிடுகிறது. சொன்னது காதில் விழுந்ததும் காதை அடைத்துக்கொள்வது மாதிரி. அந்த அழிப்பை எலியில் தடுத்தால், செல்கள் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன.

எல்லாச் செல்லும் இந்த நேர் ஏற்றத்தில் வருவதில்லை. மற்ற செல்களை அடக்கிவைக்கும் வகை, காபா என்ற தூதுப்பொருளைச் சுரப்பவை, மூளையின் அடிப்பகுதியில் பிறந்து பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு புறணிக்கு வருகின்றன. மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டிக்கு ஏறாமல் கூடலூர் பக்கமாக வந்து சேர்வதுபோல. 1997இல்தான் இது தெளிவானது. இவற்றுக்குக் கிளையாக் கயிறு இல்லை. செமாஃபோரின் 'இந்தப் பக்கம் வராதே' என்கிறது, நியூரெகுலின் கூப்பிடுகிறது, சி.எக்ஸ்.சி.எல்.12 என்ற ஈர்ப்புப் புரதம் நடைபாதையை விட்டு விலகாமல் வைத்திருக்கிறது. செல் முன்கையைக் கவராகப் பிளந்து, இரண்டு பக்கமும் நுகர்ந்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை இழுத்துக்கொள்ளும். இப்படி வழிகாட்டும் புரதங்களில் நெட்ரின் என்று ஒன்று உண்டு, 1994இல் கண்டுபிடித்தது. 'வழிநடத்துபவர்' என்று பொருள்படும் சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வைத்த பெயர், நேதாஜியில் இருக்கும் 'நேதா'வின் வேர்தான். முதல் தடவை படித்தபோது ஆய்வகத்தில் தனியாகச் சிரித்தேன்.

இந்தச் சுற்றுவழிச் செல்கள் நிற்பதற்குக் கைக்கடிகாரம் மாதிரி ஒன்று வைத்திருக்கின்றன. இளம் செல்லுக்குள் குளோரைடு அதிகம் இருப்பதால் காபா அதை அடக்காமல் தூண்டும். தூண்டினால் கால்சியம் உள்ளே துள்ளும், துள்ளும்வரை செல் நகரும். செல் முதிரும்போது கே.சி.சி.2 என்ற பம்பு பெருகிக் குளோரைடை வெளியே தள்ளுகிறது. உடனே அதே காபா அடக்கும் பொருளாக மாறிவிடுகிறது. கால்சியம் துள்ளல் ஓய்கிறது, செல் நிற்கிறது. 2009இல் இதைக் காட்டினார்கள். சிறுமூளைச் செல்களில் கால்சியம் ஏறி இறங்குவதற்கும் நகர்வுக்கும் உள்ள தொடர்பை 1990களிலேயே பார்த்திருந்தார்கள். கால்சியம் துடிப்பு அடங்கினால் அவையும் நின்றுவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் கேள்விக்கு நேரடியாகத் தொடர்பில்லை என்றாலும். பருவமடைதலைத் தொடங்கிவைக்கும் ஹார்மோனைச் சுரக்கும் செல்கள் மூளையில் பிறப்பதே இல்லை. மூக்கில் பிறக்கின்றன! முகர்ச்சி நரம்பு வழியாக ஊர்ந்து மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸுக்குப் போகின்றன. அந்த வழி அடைபட்டால் பிள்ளைக்கு வாசனையும் தெரியாது, பருவமும் வராது. 1944இல் இந்த நோயை விவரித்த கால்மன் பெயராலேயே அதை அழைக்கிறார்கள்.

இனி உங்கள் அண்ணன் மகள். படத்தைப் பார்க்காமல் நான் உறுதியாகச் சொல்லக் கூடாது. ஆனால் பெண் பிள்ளை, நல்ல படிப்பு, பதின்ம வயதில் முதல் வலிப்பு, அறைகளின் ஓரமாக இரண்டு பக்கமும் முடிச்சுகள் என்றால், நரம்பியல் மருத்துவர் முதலில் நினைப்பது ஃபிலமின் ஏ மரபணுவை. இதுவும் எக்ஸ் குரோமோசோமில் இருப்பது, 1998இல் கண்டுபிடித்தது. செல்லுக்கு உருவம் கொடுக்கும் ஆக்டின் என்ற புரத இழைகளை ஒன்றோடொன்று குறுக்கே கட்டும் கொக்கி அது. கொக்கி இல்லாத செல் முன்கையை உருவாக்கிக் கிளம்பத் திணறுகிறது. உள்சுவரின் பூச்சும் அங்கங்கே விட்டுப்போகிறது, அதனால் நல்ல பிரதி உள்ள செல்களிலும் சில அங்கேயே மாட்டிக்கொள்கின்றன. மற்றபடி பெரும்பாலான செல்கள் ஊர் போய்ச் சேர்ந்து புறணியை ஒழுங்காகக் கட்டியிருக்கும். படிப்பு நன்றாக இருப்பது அதனால்தான். தங்கிவிட்ட முடிச்சுகளும் உயிருள்ள நரம்புச் செல்கள்தான். அவை தமக்குள்ளும் மேலே புறணியோடும் இணைப்பு போட்டுக்கொள்கின்றன. அந்த இணைப்பில் மின்சாரம் கட்டுமீறும்போது வலிப்பு வருகிறது.

வெளியிலிருந்து வரும் எதுவுமே இந்த நகர்வைத் தொடாது என்று நான் சொல்லவில்லை. தாய் குடிக்கும் மது தொடும். சைட்டோமெகலோ வைரஸ் தொடும். ஜப்பானின் மினமாட்டாவில் மீன் வழியாகப் போன மெத்தில் பாதரசம் தொட்டது. ஹிரோஷிமாவில் கருவின் 8ஆவது முதல் 15ஆவது வாரம் வரையில் கதிர்வீச்சுக்கு உள்ளான பிள்ளைகள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். மலைநாட்டுக்காரர்களுக்கு முக்கியமானது தைராய்டு. கரு தன் தைராய்டு ஹார்மோனைப் போதிய அளவு செய்யத் தொடங்கும்வரை தாயுடையதை நம்பித்தான் இருக்கிறது. எலியில் தாய்க்கு அது குறைந்தால் புறணிச் செல்கள் அடுக்கு மாறி அமர்கின்றன. மழை கழுவிப்போகும் மலைமண்ணில் அயோடின் குறைவு. 1962இல் முன்கழுத்துக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்ததும், அயோடின் உப்பு இவ்வளவு பரவியதும் இதனால்தான். பொட்டலத்தில் அயோடின் என்று போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள். ஆனால் இவையெல்லாம் செல்லின் ரசாயனத்துக்குள் புகுந்து வேலை செய்பவை. பஸ் இந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை.

மருத்துவரிடம் மூன்று விஷயங்கள் கேளுங்கள். மரபணுப் பரிசோதனை தேவையா என்பது ஒன்று. ஃபிலமின் ஏ என்று வந்தால் இதய வால்வும் மகாதமனியும் சிலருக்குப் பாதிக்கப்படும், அதனால் எக்கோ எடுக்க வேண்டுமா என்பது இரண்டாவது. மூன்றாவது, மாத்திரையின் பெயர். வால்ப்ரோயேட் என்றால், பிற்காலத்தில் கர்ப்பகாலத்தில் கருவுக்கு ஆகாது என்பதால், வளர்ந்த பெண் பிள்ளைக்கு மாற்று உண்டா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு கூடும்.

அண்ணிக்கும் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம். இந்த மரபணுக் கோளாறு தாயிடம் வெளியே தெரியாமலே இருக்கலாம், பிள்ளையிடம் புதிதாகவும் தோன்றலாம். அந்தப் பேச்சு வரும்போது உங்கள் அம்மா பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'பஸ் இல்லையா, அப்போ உன் ரத்தம்தான்' என்று அடுத்த பாட்டு தொடங்கிவிடும். அண்ணிக்கு அந்தப் பரிசோதனை வேண்டியிருப்பது, அவருடைய இதயத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவதற்காக.